மாமல்லபுரத்தில் குறைந்த செலவில் இருவர் தங்குவது: இலங்கை மலையகத்தில் இருந்து போகிறவர்களுக்கு

12 ஜனவரி 2025: கேள்வி

தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"அக்கா, கார்த்திகையில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. கடலோரத்தில் நாலைந்து நாள் தங்கி வர இருவருக்கும் ஆசை. அறுகம்பேயும் உனவட்டுனவும் நமக்குக் கட்டுப்படியாகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காசுக்குத் தமிழ்நாட்டுக்கே போய் வரலாம், அங்கே அறை மலிவு, பேசுவது தமிழ், ஆகவே முன்கூட்டி எதையும் ஒழுங்கு செய்யத் தேவையில்லை, இறங்கியதும் கண்ட விடுதியில் தங்கலாம் என்கிறார் என் மச்சான். இது சரியா? எந்த ஊர் நல்லது? ஏப்ரல் விடுமுறையில் போக நினைக்கிறோம்."

12 ஜனவரி 2025, இரவு

தம்பி, மச்சான் சொன்னதில் பாதி சரி. அங்கே அறையும் சாப்பாடும் மலிவுதான். கொழும்பில் இருந்து சென்னைக்கு விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு உள்ளேயே போய்விடும். விமானச் சீட்டை முன்கூட்டி வாங்கிக்கொண்டால், நம் தெற்குக் கரையில் நடுத்தர விடுதி ஒன்றில் தங்குவதற்கும் அங்கே போய் வருவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இறங்கியதும் கண்ட விடுதியில் தங்கலாம் என்பதை நம்பிப் புறப்படாதீர்கள்.

நாம் பேசுவது தமிழாக இருந்தாலும் கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் ஒவ்வொரு விடுதியும் அவர்களுடைய விவரங்களைச் சி படிவத்தில் நிரப்பி, 24 மணித்தியாலத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். அதற்குரிய பதிவை எடுத்து வைக்காத விடுதிகள் நம்மை ஏற்பதில்லை. பெரிய ஹோட்டல்களில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. வாடகை குறைந்த சிறு லாட்ஜுகளில்தான் எழுகிறது. ஆகவே கையில் காசு குறைவாக உள்ளவர்களையே இது பிடிக்கிறது.

நானும் என் கணவரும் முதன்முறை போனபோது ஒரு லாட்ஜில் தொலைபேசியில் பேசி, முன்பணமும் கட்டியிருந்தோம். மாலை மங்கிய பிறகு போய்ச் சேர்ந்தால், மேசையில் இருந்த பையன் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலாளிக்கு அழைத்தான். முதலாளி, "நீங்கள் பேசியதைக் கேட்டு மதுரைப் பக்கத்துக்காரர் என்று நினைத்தேன், இலங்கை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சாக இருந்திருந்தால் அவருக்கு உடனே புரிந்திருக்கும். நம் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு அவர்கள் காதுக்கு உள்ளூர்ப் பேச்சாகவே கேட்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக அறை கேட்டு அலைந்த அந்த இரவு, புதிதாகக் கலியாணம் முடித்துப் போகிற எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தொலைபேசியில் பேசும்போது முதல் வாக்கியமே, "நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறோம், சி படிவம் நிரப்பித் தருவீர்களா?" என்பதாக இருக்கட்டும். ஆம் என்று வாயால் சொன்னால் போதாது. வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகுதான்.

எந்த ஊர் என்பதற்குத் தனியாக எழுதுகிறேன்.

14 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறையிலேயே புறப்பட்டுவிடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். காணும் பொங்கலன்று சென்னையைச் சுற்றியுள்ள குடும்பங்கள் எல்லாம் கட்டுச்சோற்றுடன் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அந்த வாரத்தில் அறை கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் வாடகை கூடுதல். மற்ற மாதங்களிலும் திங்கள் முதல் வியாழன் வரை தங்குகிறவர்களுக்கே நல்ல விலை கிடைக்கும். வெள்ளி மாலையில் வாடகை ஏறத் தொடங்கும்.

19 ஜனவரி 2025

ஊர்களைப் பற்றி.

நம்மவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களைத்தான் சொல்வார்கள்: இராமேஸ்வரம், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, புதுச்சேரி.

இராமேஸ்வரம் நமக்கு வெறும் ஊரல்ல. தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை ஊசி குத்தப்பட்டு, 1914க்குப் பிறகு தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள். அந்த வழியை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அது வழிபாட்டுக்குரிய ஊர். 22 தீர்த்தங்களில் குளித்து ஈரத் துணியோடு நடக்கும் கூட்டத்துக்கு ஏற்றபடியே விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் அமைந்திருக்கின்றன. இருவர் மட்டும் நாலு நாள் ஓய்வாக இருப்பதற்கு அது பொருந்தாது. பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இருந்து ரயில் ஓடவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். மண்டபத்தில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும்.

வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் உள்ளவர்கள் போகட்டும். கோயில் நிர்வாகமே நடத்தும் தங்குமிடங்கள் உண்டு. ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவைத் தவிர்த்தால் அமைதியான இடம். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள். நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி பக்கத்தில்தான். ஆனால் மழைக்காலத்தில் கப்பல் ஓடாது. ஹட்டனில் இருந்து காங்கேசன்துறைக்குப் போய்ச் சேருவதே ஒரு நாள் அலைச்சல். வடக்கில் உறவினர் உள்ளவர்களுக்குத்தான் அந்த வழி சரி.

கன்னியாகுமரிக்குச் சென்னையில் இருந்து இன்னும் ஓர் இரவு ரயிலில் போக வேண்டும். புதுச்சேரி அழகான ஊர். ஆனால் வார இறுதியில் பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் வரும் கூட்டத்தால் வாடகை நம் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது.

ஆகவே நான் சொல்வது மாமல்லபுரம். சென்னை நகருக்குள் நுழையாமலே, விமான நிலையத்தில் இருந்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். ஊர் சிறியது, முக்கியமான இடங்கள் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. பல ஆண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் இடம் என்பதால் சிறு விடுதிகள்கூடச் சி படிவத்தில் பழகியிருக்கின்றன. வாடகை கொஞ்சம் குறையும் என்பதற்காகப் பெயர் தெரியாத ஒரு கடலோர ஊருக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாமல்லபுரத்துக்கு இலங்கை விருந்தாளி புதியவரும் அல்லர். மானவர்மன் என்ற நம் நாட்டு இளவரசன் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, பின்னர் பல்லவர் படைத்துணையோடு திரும்பி வந்து அரசைப் பிடித்தான். 'மாமல்லன்' என்பது அந்த நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்தான்.

20 ஜனவரி 2025

போகும் வழி கேட்டவர்களுக்கு.

கொழும்புக் கோட்டையில் இறங்கினால், புறக்கோட்டையில் இருந்து 187 இலக்கப் பஸ் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும். சென்னையில் விமான நிலையத்துக்கு எதிரே, பெருந்தெருவுக்கு அந்தப் பக்கம், திரிசூலம் என்ற சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தாம்பரம் நாலைந்து நிறுத்தம்தான், பயணச்சீட்டு பத்து ரூபாவைத் தாண்டாது. தாம்பரத்தில் மாமல்லபுரம் போகும் மாநகரப் பேருந்து கிடைக்கும். விமான நிலைய வாசலில் வாடகைக் கார்க்காரர் கேட்கும் தொகை, ஒரு நாள் அறை வாடகையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ஏற்பாடு. நடத்துநர் என் கணவரிடம் காசு வாங்கிக்கொண்டு, எனக்குக் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். எந்த ஊர், என்ன அட்டை என்று எதுவும் கேட்கவில்லை. பொகவந்தலாவைப் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய் வரும் எனக்கு, யன்னலோரத்தில் அமர்ந்து அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தது மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

ஆனால் விமானம் மாலை ஆறு மணிக்குப் பிறகு இறங்குவதாக இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். பெட்டிகளோடு இருட்டில் இரண்டு வண்டி மாறிப் போக வேண்டாம். முன்பணம் கட்டும் கவுண்டரில் கார் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு வீண் அல்ல.

27 ஜனவரி 2025

அறை பார்ப்பது பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதியின் பெயரைக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் நடத்துகிறவர் மாறினால் விடுதியும் மாறிவிடுகிறது. தெருவைச் சொல்கிறேன். பஸ் நிலையத்தில் இருந்து கடலை நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒத்தவாடைத் தெரு வரும். அதிலும் அதன் குறுக்குத் தெருவிலும் சிறிய விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் கடைசியாகத் தங்கிய மின்விசிறி அறைக்கு நாளுக்கு 1,200 இந்திய ரூபா கொடுத்தோம். இன்றைய மாற்று விகிதத்தில், ஓர் இந்திய ரூபாவுக்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபா என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மறுநாள் காலையில் பெட்டியை அறையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்து நாலு விடுதிகளில் ஏறி இறங்கி அறையைக் கண்ணால் பாருங்கள். வெறுங்கையோடு வருகிறவரிடம் விலை குறையும். பெட்டியோடு நிற்பவரிடம் குறையாது.

பார்க்கும்போது குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு கை நீரை வாயில் வைத்துப் பாருங்கள். கடலை ஒட்டிய கட்டடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும்; சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி இரண்டாம் நாளே பிசுபிசுத்துவிடும். ஊற்று நீரில் குளித்துப் பழகிய நம் பெண்களுக்கு இதுதான் முதல் துன்பம். குறுக்குத் தெருவின் உட்பக்கத்தில், கடலில் இருந்து கொஞ்சம் தள்ளிய ஒரு விடுதியில் நீர் நன்றாக இருந்தது. கடல் தெரியும் அறைக்கு அவர்கள் கேட்கும் கூடுதல் காசு இதனாலேயே எனக்குப் பொருட்டாகவில்லை. நடந்தால் கடல் மூன்று நிமிடம்.

யன்னலில் நுளம்பு வலை கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கதவின் உட்புற நாதாங்கி கொண்டியில் முழுவதுமாக விழுகிறதா என்று பூட்டிப் பார்த்துத்தான் நான் அறையை ஒப்புக்கொள்வேன். வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போகும்படியான பழைய கதவாக இருந்தால் விடுதிப் பூட்டை எடுத்து வைத்துவிட்டு, கொண்டுபோன நம் பூட்டைப் போடுங்கள். மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் வைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். வாடகை வரியோடு சேர்த்தா என்று கேளுங்கள், ஏனென்றால் வரிப் பதிவு உள்ள விடுதி வரியை மேலே போடும். அறையைக் காலி செய்வது நண்பகலிலா, அல்லது நுழைந்த நேரத்தில் இருந்து 24 மணித்தியாலமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டாவது முறை உள்ள விடுதியாக இருந்தால், மாலை விமானத்துக்குப் போகிறவர்கள் அரை நாள் வாடகையை மிச்சப்படுத்தலாம்.

அங்கே துவைத்துப் போடும் துணி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடுகிறது. ஆடி மாதத்தில் அடுப்படியில் கயிறு கட்டிப் பிள்ளைகளின் சீருடையைக் காய வைக்கிற நமக்கு இது பெரிய வசதி. பெட்டியில் பாதித் துணி போதும்.

2 பெப்ரவரி 2025

தம்பி ஏப்ரல் என்று எழுதியிருந்ததற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏப்ரல் மாதம் போக வேண்டாம். நுவரெலியா மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்குச் சென்னைக் கரையின் ஏப்ரல், மே வெயில் தாங்காது. பத்து மணிக்கு மேல் கல்லில் கால் வைக்க முடியாது. பார்க்கப் போகும் இடங்களோ எல்லாம் கருங்கல், அங்கே வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு. மின்விசிறி அறையில் இரவு தூங்கவும் முடியாது. அப்படியானால் குளிர்சாதன அறை எடுக்க வேண்டும், வாடகை ஒன்றரை மடங்காகும், நடுப்பகல் முழுவதும் அந்த அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும்.

ஒக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் வரை அந்தக் கரைக்கு வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். ஆகவே மிஞ்சுவது ஜனவரி, பெப்ரவரி, மார்ச் முதல் பாதி. விடுமுறை இல்லையே என்கிறீர்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளோடு ஒட்டி வேலை நாட்களில் நாலு நாள் லீவு எடுத்துக்கொள்ள முடிந்தால், குளிர்சாதன அறைக்குக் கொடுக்கும் காசிலேயே அந்தச் சம்பள இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். நாட்சம்பளக்காரருக்கு இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஓகஸ்ட் விடுமுறையைப் பாருங்கள்; வெயில் இருக்கும், ஆனால் ஏப்ரல் அளவுக்கு இராது, மாலையில் மழையும் பெய்யலாம்.

3 பெப்ரவரி 2025

சின்ன விடயம். நம்மிடம் உள்ள புதிய சார்ஜர்கள் சதுர முள் கொண்டவை. அங்கே சுவரில் வட்டத் துளை. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய வட்டமுள் பிளக் அங்கே பொருந்தும். ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

11 பெப்ரவரி 2025

நுழைவுச்சீட்டு விடயத்தில் பண்டாரவளையில் இருந்து எழுதிய தம்பதியர் ஆளுக்கு 600 ரூபா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வெளிநாட்டவருக்கு 600 ரூபா என்பது சரி. ஆனால் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டவர்களுக்கும், வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் நாட்டவர்களுக்கும் இந்தியர்களுக்குரிய 40 ரூபாவே கட்டணம். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. கவுண்டருக்கு மேலே உள்ள பலகையில் எழுதியே இருக்கிறது. கடவுச்சீட்டைக் காட்டி, "சார்க்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடவுச்சீட்டை அறையில் விட்டுப் போனால் சலுகை கிடைக்காது. அதே சீட்டில் அதே நாளில் இரண்டு இடங்களையும் பார்க்கலாம் என்பதால் காலையில் கடற்கரைக் கோயிலையும் வெயில் சாய்ந்தபின் ரதங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

அருச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம், காசு இல்லை. யானைகளைப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை இரண்டு காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது; அதன் காலடியில் எலிகள். விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்து நிற்கும் முனிவர் மேலே, அவரைப் போலவே நிற்கும் பூனை கீழே. என் கணவரும் நானும் அதன் முன் அரை மணித்தியாலம் நின்றோம். 1300 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பூனை அதே இடத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க ஐந்து சதம் செலவில்லை.

சாப்பாடு: பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் காலையில் இட்லி, பொங்கல், மதியம் இலைச் சாப்பாடு. கடலோரக் கடைகளில் மீனை ஐஸில் அடுக்கிக் காட்டுவார்கள். எடை போட்டு, பொரித்துத் தரும் விலையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி, அதன் பிறகு உட்காருங்கள். சிவப்பரிசிச் சோறு கிடைக்காது. தேநீர் எல்லாம் பாலில் கொதிக்க வைத்த தூள்தான். கொழுந்து எடுக்கிற கைக்கும் தொழிற்சாலையில் வாசனை பார்த்த மூக்குக்கும் அது தேநீராகத் தோன்றாது. நல்ல தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுபோய், விடுதியில் சுடுநீர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கொண்டுபோனதில் பாதியை விடுதியில் கூட்டித் துடைக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

காசு தாளாகவே வைத்திருங்கள். அங்கே இளநீர்க்காரர்கூடக் கைப்பேசிக் குறியீட்டைக் காட்டுவார்; அது பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு. நம்மிடம் இருக்கும் 500 ரூபாத் தாளுக்குச் சில்லறை இல்லை என்பார்கள். காலையில் சாப்பாட்டுக் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

16 பெப்ரவரி 2025

கடலில் குளிப்பது பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும் நாளிலும் கரையை ஒட்டியே இழுப்பு உண்டு. கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டிய பாறைகளின் பக்கத்தில் நீர் சுழலும். ஒவ்வோர் ஆண்டும் அங்கே ஆட்கள் மூழ்குகிறார்கள், எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் ஆற்றில் இடுப்பளவு நீரில் குளித்துப் பழகியவர்கள். கடலில் நீந்தத் தெரியாது. கணுக்கால் நனையும் அளவுக்கு நில்லுங்கள், கைகோத்து நில்லுங்கள். குளித்தே ஆக வேண்டும் என்றால் நம் பாசிக்குடாவுக்குப் போங்கள், அங்கே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும்.

காலை ஐந்தரைக்கு எழுந்து கரைக்குப் போங்கள். அது கிழக்குக் கரை, சூரியன் கடலில் எழும், கடலில் மறையாது. அந்த நேரத்தில் படகுகள் திரும்பி வரும். மணலில் வலையை விரித்து, நைலோன் கண்ணிகளில் சிக்கிய நண்டை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கால் ஒடியாமல் எடுத்தால்தான் விலை. கொடுக்குக்கு எட்டாமல் பின்பக்கத்தில் பிடித்து, சிக்கலை நகத்தால் விலக்கி, ஒரே இழுப்பில் எடுக்கும் ஒரு பாட்டியின் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். படம் எடுக்க விரும்பினால் கேட்டு எடுங்கள். 2004 டிசம்பர் 26 அவர்களையும் அடித்தது. அந்தப் பாட்டி, "உங்க பக்கமும் அன்னிக்குத்தானே" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த நண்டை எடுத்தார்.

இரவு ஒன்பதுக்கு மேல் கரையில் வெளிச்சம் இல்லை. இருவராக இருந்தாலும் தெருவுக்குத் திரும்பிவிடுங்கள்.

23 பெப்ரவரி 2025

முதல் குறிப்பில் எழுதிய கடவுச்சீட்டு விடயத்தோடு இதையும் சேர்த்து வாசிக்கவும். விடுதிகளில் இருவருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள். நம் பெண்களின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர்தான் இருக்கும், கணவர் பெயர் இராது. புதிதாகக் கலியாணம் முடித்தவர்களிடம், கணவன் மனைவிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று சில விடுதிகள் கேட்கின்றன. சட்டம் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் இரவில் அறை வாசலில் நின்று சட்டம் பேச முடியாது. விவாகச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கொண்டுபோங்கள். சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து உறுதிப்படுத்திய பிரதியும் தேவை. அங்கே மேசையில் இருப்பவருக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. விசாவின் அச்சுப் பிரதியும் இரண்டு இருக்கட்டும், ஒன்றை விடுதி எடுத்துக்கொள்ளும். விசாவுக்கு இந்திய அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் காசு பறிக்கும் தளங்கள் பல இருக்கின்றன.

கைப்பேசிச் செயலியில் முன்பதிவு செய்கிறவர்கள், அறை விவரத்தின் அடியில் உள்ள விதிகளை வாசியுங்கள். இந்திய அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சில விடுதிகள் அங்கேதான் எழுதி வைத்திருக்கும்.

9 மார்ச் 2025

தம்பியின் மனைவி எழுதியிருக்கிறார். திருச்சிப் பக்கத்தில் மாமனாரின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு போனவர்கள். விடுதிக்குக் காசு கொடுப்பானேன், அவர்கள் வீட்டில் தங்கினால் என்ன என்று மாமியார் கேட்கிறாராம்.

தங்கச்சி, சொந்தங்களைப் பார்க்கத்தான் வேண்டும். தலைமன்னார் ரயிலிலும் இராமேஸ்வரம் கப்பலிலும் அழுதுகொண்டு பிரிந்த குடும்பங்கள் நம்முடையவை. எல்லை தாண்டிப் போகும் ஒருவர் அந்த வாசலை மிதிக்காமல் வரக்கூடாது. ஆனால் அதைப் பயணத்தின் பிற்பகுதியில் வையுங்கள். முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், அவர்கள் விடமாட்டார்கள், கடலைப் பார்க்கவும் பத்துப் பேராக வேன் பிடித்துத்தான் போவீர்கள். கடலோர நாட்களை இருவருக்கும் மட்டும் என்று ஒதுக்கிக்கொண்டு, அதன்பின் திருச்சிக்கு ரயிலில் போங்கள். செங்கல்பட்டில் ஏறலாம், சென்னைக்குத் திரும்பத் தேவையில்லை. மாமியாரிடம் காசுக் கணக்கைச் சொல்லாமல், சொந்தங்களைப் பார்க்கும் நாளைச் சொல்லுங்கள்.

அவர்கள் வீட்டிலும் தங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: சி படிவம் விடுதிக்கு மட்டும் உரியதல்ல. வீட்டில் வெளிநாட்டவரைத் தங்க வைப்பவரும் அறிவிக்க வேண்டும். போகுமுன் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

30 மார்ச் 2025

தலவாக்கலைத் தம்பதியர் மார்ச் நடுவில் போய் வந்துவிட்டார்கள். மின்விசிறி அறை 1,400 ரூபா ஆகிவிட்டதாம், நான் எழுதிய 1,200க்கு எங்கும் கிடைக்கவில்லையாம். இனிப் போகிறவர்கள் இந்தத் தொகையையே கணக்கில் எடுங்கள். முதல் விடுதியில் வாட்ஸப்பில் வந்த பதிலைக் காட்டியதும் ஒரு பேச்சும் இல்லாமல் படிவம் நிரப்பினார்களாம். நுழைவுச்சீட்டு 40 ரூபா. பூனையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தங்கச்சி ஒரு கல் பிள்ளையார் வாங்கியிருக்கிறார். அந்த ஊரில் காலையில் இருந்து மாலை வரை உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பட்டறையில் செதுக்குகிறவரிடமே வாங்கினால் விலையும் நியாயம், அவருக்கும் முழுக் காசு. ஆனால் உள்ளங்கை அளவுக்கு மேல் வாங்காதீர்கள். கல்லின் எடை விமானத்தில் தெரியும். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடவும் கூடும். துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.

10 ஏப்ரல் 2025

ஜனவரி 19ஆம் திகதி இராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை என்று எழுதியிருந்தேன். நிலைமை மாறிவிட்டது. இந்த மாதம் 6ஆம் திகதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இராமேஸ்வரம் வரை மீண்டும் ரயில் ஓடுகிறது. திருச்சியில் சொந்தங்களைப் பார்க்கிறவர்கள் அங்கிருந்து ஓர் இரவு மட்டும் இராமேஸ்வரத்தில் தங்கி, காலையில் தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை போய் வரலாம். 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த ரயில் நிலையச் சுவரும் தேவாலயச் சுவரும் அங்கே இன்னும் நிற்கின்றன. பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும், யன்னல் ஓரத்தை மனைவிக்குக் கொடுங்கள்.

11 ஏப்ரல் 2025

பதுளையில் இருந்து கேட்டவருக்கு: அறுபது வயதுப் பெற்றோரை அனுப்புவதாக இருந்தால் ஒத்தவாடைத் தெரு விடுதிகளில் தரைத்தள அறை கேளுங்கள். பல விடுதிகளில் மின்தூக்கி இல்லை, படிகள் குறுகலானவை, கைப்பிடியும் இராது. மேல்நாட்டுக் கழிப்பறை உள்ளதா என்றும் கேளுங்கள். சி படிவக் கேள்வியை அவர்களிடம் விடாதீர்கள். நீங்களே பேசி, பதிலை அப்பாவின் கைப்பேசியில் சேமித்துக் கொடுத்து அனுப்புங்கள்.